வரப்பில் நின்று கூப்பிடும் பெயர்

இளையபெருமாளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவருடைய அம்மா. ஒரு மாதம்கூட அது நிலைக்கவில்லை. மிராசுதாரின் தம்பிக்கும் அதே பெயர். காரியஸ்தர் களத்துமேட்டில் அப்பாவை நிறுத்திக் கேட்டார்: "ஏண்டா, நாளைக்கு உம் பொண்டாட்டி புள்ளையைத் திட்டணும்னா சின்னய்யா பேரைச் சொல்லியா திட்டுவா?"

அன்றோடு குழந்தை சின்னான் ஆனது.

பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கு ஆண்டை வீட்டில் புழங்கும் பெயர் இருக்கக் கூடாது. இதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. நிலத்தையும் தண்ணீரையும் உழைப்பையும் எடுத்துக்கொண்டவர்கள், ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிடும் சொல்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். கூத்தாநல்லூருக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டிய அந்தத் தெருவில் மண்ணாங்கட்டி இருந்தார், குப்பை இருந்தார், இரண்டு மூக்கன் இருந்தார்கள்.

வாலிபத்தில் அவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார். கூட்டத்தில் பெயர் கேட்டபோது அம்மா வைத்ததைச் சொன்னார். 'தோழர் இளையபெருமாள் பேசுவார்' என்று ஒலிபெருக்கியில் வந்தது. மேடையேறி அவர் என்ன பேசினார் என்று அவருக்கே நினைவில்லை. அதன்பிறகு 'சின்னான்' என்று யார் கூப்பிட்டாலும் அவர் திரும்பவில்லை. காரியஸ்தர் வரப்பில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். இளையபெருமாள் குனிந்த தலை நிமிராமல் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். அந்தக் குறுவைப் பருவம் முழுக்க அவருக்கு எந்தப் பண்ணையிலும் வேலை இல்லை. மனைவி மலர்க்கொடி அப்போதுதான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நத்தை பொறுக்கிச் சமைத்தாள்.

மகளுக்குச் செம்மொழி என்று பெயர் வைத்தார். மகள் பொறியியல் படித்து ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போனாள். அங்கே உடன் வேலை பார்த்த கிரண் என்ற தெலுங்குப் பையனைக் கட்டிக்கொண்டாள். தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்து ஆண் குழந்தை பெற்றாள். ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டாள்: "அப்பா, பேரை நீங்கதான் வைக்கணும். கிரண் சரின்னுட்டாரு. ஆனா எம் பேரு மாதிரி ஆயிடக் கூடாது. ஆபீஸ்ல என்னை யாரும் முழுசா கூப்பிட்டதே இல்ல. செம்மி, செம்மின்னு நாய்க்குட்டிய கூப்பிடுற மாதிரி."

இளையபெருமாள் அதைத் தனக்குக் கிடைத்த பெரும் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். தமிழ்ப் பெயர் வேண்டும். தெலுங்கு பேசும் பாட்டி வீட்டிலும் இந்தி பேசும் பள்ளிக்கூடத்திலும் வெள்ளைக்காரன் நாட்டிலும் அதை உடைக்காமல் சொல்ல வேண்டும். எந்த ஊர்க்காரன் கேட்டாலும் அதில் சாதி மோப்பம் பிடிக்க முடியக் கூடாது. மாதம் இரண்டு ஓடியும் பெயர் அமையவில்லை. செழியனை மலர்க்கொடியே தள்ளினாள்: "நம்ம ஊருலயே பாதிப்பேரு செலியங்கிறான்." பரிதி என்றால் வடக்கே அது பெண்பிள்ளைப் பெயர். மாறன் என்றதும் ஹைதராபாத்திலிருந்து கிரணின் அம்மா, மரணம் மாதிரி கேட்கிறது என்று போனிலேயே அழுதுவிட்டார்.

அந்த அம்மாவுக்கு நட்சத்திரத்துக்குரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்றும் ஆசை இருந்தது. செம்மொழி மொழிபெயர்த்துச் சொன்னாள்.

"பொறந்த நேரம் எங்கேருந்து வந்துச்சாம்?" என்று கேட்டார் இளையபெருமாள். "ஆஸ்பத்திரிக் கடிகாரத்துலேருந்து. அது நின்னு நின்னு ஓடுதுன்னு அந்த நர்ஸே சொல்லிச்சு. ஓடாத கடிகாரத்துக்கெல்லாம் எழுத்து கெடையாதுன்னு சொல்லும்மா."

"இதை அப்படியே சொன்னா நான் ஹைதராபாத் போகவேண்டியதில்ல, இங்கேயே இருந்துக்கலாம்" என்றாள் செம்மொழி.

கடைசியில் இனியன் வந்தது. கிரணின் அம்மா மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, வாய்க்கு நன்றாக இருக்கிறது என்றார். இளையபெருமாளுக்கு இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது.

"இந்திக்கார வாயிலயும் போட்டுப் பாத்துடுவோம். நம்ம வயல்லதான் ஆளிருக்கே. வா."

இப்போது அவர் நாலு ஏக்கரைக் குத்தகைக்குச் செய்கிறார். மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள். தெருப் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். சம்பா நடவுக்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். அன்று அவர் வயலில் அவர்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். செம்மொழி குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டபடி மதகடியில் நின்றாள்.

இளையபெருமாள் வரப்பில் நின்று குரல் கொடுத்தார்: "ஏய் ராசு! இங்க வா!"

குழுவின் தலைவர் கையிலிருந்த நாற்று முடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும். முழங்கால் வரை சேறு.

"இதைச் சொல்லு பாப்போம். இனியன்."

"இனியன்" என்றார் அவர். குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா பேர், ஓனர்."

"பாத்தியா! சுத்தமா வருது!" இளையபெருமாள் மகள் பக்கம் திரும்பினார்.

செம்மொழி அந்த மனிதரிடம் இந்தியில் பேசினாள். ஊர் எது, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். பெயர் என்ன என்றாள்.

"ராசு."

"அது இங்க. ஊர்ல என்ன பேரு?"

அவர் ஓனரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ரெஜாவுல் ஹக்."

செம்மொழி தமிழுக்கு வந்தாள். "எத்தனை வருசமாப்பா வராரு?"

"அது ஆச்சு, நாலஞ்சு சம்பா."

"பேரு கேக்கவே இல்லியா?"

"கேட்டேம்மா. வாயில நுழையல. இங்க எல்லாரும் ராசுன்னுதான் கூப்பிடுவோம். அவனும் ராசுதான், அந்தக் கோடில நிக்கிறவனும் ராசுதான்."

"சின்னான்னு வச்சாங்களே, அவங்களுக்கும் வாயில நுழையாமத்தான் வச்சாங்களா?"

இளையபெருமாளின் முகம் மாறியது. "அதுவும் இதுவும் ஒண்ணா? அவன் அடிக்கிறதுக்குக் கூப்பிட்டான். நான் என்னைக்காவது இவனைக் கைநீட்டியிருக்கேனா? அன்னிக்குக் கூலியை அன்னிக்கே குடுக்கிறேன். கேட்டுப் பாரு!"

வாக்குவாதம் தன்னைப் பற்றியது என்று ரெஜாவுலுக்குப் புரிந்துவிட்டது. "பரவால்ல அக்கா" என்று நடுவில் புகுந்தார். "கூலி வருது. பேர் எதா இருந்தா என்ன?"

மகன் பெயரை மாற்றிவிட்டு வந்த அன்று இளையபெருமாளின் அப்பாவும் வீட்டில் இதையேதான் சொன்னாராம்: கஞ்சி ஊத்துறாங்க, எப்படிக் கூப்பிட்டா என்ன. அம்மா சாகும்வரை அப்பாவை மன்னிக்காதது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

"பேரு இப்ப வேணாம்ப்பா. பாத்துக்கலாம்" என்றாள் செம்மொழி. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அன்று முழுவதும் அவர் அவளிடம் பேசவில்லை. நியாயமும் அவர் பக்கம் கொஞ்சம் இருந்தது. அவர் ஆண்டை அல்ல. குத்தகைக்காரர். இந்த நாட்டில் அநியாயத்துக்கு அப்படி ஒரு வசதி இருக்கிறது. மேலே இருப்பவன் இறங்கிப் போனாலும் அது இடத்தைக் காலி செய்வதில்லை. அடுத்து வருபவனுக்காகக் காத்திருக்கிறது. வருபவன் நல்லவனாக இருந்தாலும், கூலியை ஒழுங்காகக் கொடுத்தாலும், அதற்குக் கவலை இல்லை.

மறுநாள் காலையில் வயலுக்குப் போய் வரப்பில் நின்று கூப்பிட்டார்.

"ரெஜாவுல்!"

யாரும் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். நடவு அதன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அந்த வரப்பிலிருந்து அந்தப் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. பக்கத்தில் நட்டவர் முழங்கையால் இடித்த பிறகுதான் ரெஜாவுல் நிமிர்ந்தார். அவசரமாக வந்தார்.

"ஓனர்? ஏதாவது தப்பா?"

"உங்க மேல தப்பு ஒண்ணுமில்ல." இளையபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். "வாங்க, மத்தவங்க பேரெல்லாம் சொல்லுங்க."

அடுத்த வயலிலிருந்து துரைராசு கிண்டலாகக் கேட்டார்: "என்ன மாமா, பாய்ங்களுக்குப் பேரு வைக்கிற விழாவா?"

"அவங்கவங்க அம்மா வச்சுட்டாங்க மாப்ள. நமக்குத்தான் வாய் இல்ல" என்றார். ரெஜாவுல் ஒவ்வொருவராகச் சொல்ல, இளையபெருமாள் திரும்பச் சொன்னார். சஃபிகுல் வந்தது. மொதிவுர் ரஹ்மான் வரவில்லை. அந்த மனிதர் பொறுமையாக இன்னொரு முறை சொல்லிக்கொடுத்தார்.

வெயில் ஏறி வீட்டுக்கு வந்தபோது செம்மொழி குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்திருந்தாள்.

"கூப்பிட்டேம்மா. திரும்பல."

"யாரு?"

"ரெஜாவுல்தான். ரெண்டாந்தடவையும் திரும்பல. அப்புறம் வந்து, ஏதாவது தப்பான்னு கேக்குறாரு. பயந்துட்டாரும்மா."

செம்மொழி எழுந்து வந்து குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

"கூப்பிடுங்கப்பா."

"இனியன்" என்றார்.

குழந்தை மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது தன் பெயர் என்று அதற்கு இன்னும் தெரியாது. அவர் மறுபடியும் கூப்பிட்டார்.