துண்டு போட்ட புரதம்

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் 'கனவுக்காரி' என்று பெயர். ரத்த மாதிரி நிரப்பிய கண்ணாடிக் குழாய்களைச் சுழலும் இயந்திரத்தில் அடுக்கிவிட்டு, அது நிற்கும்வரை மூடியையே பார்த்துக்கொண்டிருப்பாள். பத்து நிமிடத்தில் சிவப்பு அடியில் இறங்கி, மேலே வெளிர்மஞ்சளாக நீர் தெளியும். அந்தப் பத்து நிமிடமும் அவள் அந்த மஞ்சள் நீருக்குள்தான் மிதந்துகொண்டிருப்பாள். ஆனால் கனவு கண்டாலும் கை தவறாது. பதினேழு வருடத்தில் ஒரு குழாயைக்கூட மாற்றி வைத்ததில்லை. அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

அண்ணன் மகளுக்கு மூன்று வயது. கால்கள் வில்லாக வளைந்து, எதையாவது பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடியாது. வைட்டமின் டி குறைபாடு என்று தினமும் சொட்டு மருந்து கொடுக்கச் சொன்னார்கள். வருடம் ஒன்று ஓடியும் கால் நிமிரவில்லை. எல்லோரும் கூடியிருந்த ஒரு நாள் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"மருந்தை ஒழுங்கா குடுத்தா கால் ஏன் அண்ணி இப்படி வளையுது?"

"ஒரு வேளை விடாம குடுக்கறேன்" என்றாள் அண்ணி. யாரும் நம்பவில்லை. அண்ணன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். அன்றோடு அண்ணி அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அதன்பிறகுதான் கூடத்துக்கு அந்தக் குழாய் வந்தது. குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இதில் 417. கூட வந்த சீட்டில், 'குழந்தை, எலும்பு வளைவு, வைட்டமின் டி குறைபாடா?' என்று எழுதியிருந்தது. வைட்டமின் டி உடம்புக்குள் போய் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த ஒரு ஹார்மோனாக மாறும். அதைத்தான் அளக்க வேண்டும். இயந்திரம் காட்டிய அளவோ இருக்க வேண்டியதைப் போல ஐந்து மடங்கு. குறைபாடு என்கிறார்கள், ரத்தத்தில் வெள்ளமாக ஓடுகிறதே? வார்டில் குழாயை மாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, 'மாதிரி தவறு, மீண்டும் ரத்தம் எடுக்கவும்' என்று எழுதி அனுப்பினாள். அடுத்த வாரமும் அதே அளவு, அதே பதில். மூன்றாம் முறை, 'கண்ணைத் திறந்து வேலை பாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். குழந்தையின் முழங்கை மடிப்பில் மூன்று ஊசித் தழும்புகள் நீலம் பாரித்திருந்தன. அண்ணி அவளைப் பார்க்காமல் ஜன்னலிடம் பேசினாள்.

"உள்ள உக்காந்துக்கிட்டு எவளோ ஒருத்தி திரும்பத் திரும்ப ரத்தம் கேக்கறா. ஊசின்னாலே பிள்ளை நடுங்குது."

மேஜையில் ஆஸ்பத்திரி அட்டை கிடந்தது. எண் 417. அவள் அட்டையை எடுத்து எண்ணை இன்னொரு முறை படித்தாள். குழாய் மாறவில்லை, மருந்தும் தவறவில்லை. அவளே நம்பும் இயந்திரம் மூன்று முறை அண்ணிக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. அதை மூன்று முறையும் அழித்தது அவள்தான்.

மறுநாள் காலை மூன்று அளவுகளையும் குழந்தையின் டாக்டரிடம் கொடுத்து, தன் தவறையும் சொன்னாள். குழந்தையின் தோல் செல்லை வெளியூர்க் கூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு மாதமானது.

"ஹார்மோனைப் பிடிக்கற ஏற்பி பழுதா இருக்கும்னு நெனச்சேன்" என்றார் டாக்டர். "அது நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் சேர்ந்து செல்லோட உட்கரு வரைக்கும் ஒழுங்கா போகுது. ஆனா மரபணு மேல அதுங்க உக்கார வேண்டிய இடத்துல வேற ஒரு புரதம் முன்னாடியே துண்டு போட்டு உக்காந்திருக்கு. ரொம்ப அபூர்வம்."

"அப்ப ஹார்மோன் சொல்றது?"

"எடுபடாது. எடுபடலைன்னு உடம்பு இன்னும் இன்னும் ஹார்மோனைச் செய்யும். சாப்பாட்டுல இருக்கற கால்சியத்தை உறிஞ்ச வைக்கறதுதான் அதோட வேலை. நாம அதை நம்பிட்டு இருக்க வேண்டாம். கால்சியத்தை நேரா நரம்பு வழியா ஏத்திடலாம்."

அன்று இயந்திரம் சுழலும்போது அவள் வழக்கம்போல மிதந்தாள். ஹார்மோனின் கையைப் பிடித்துக்கொண்டு நீண்ட தாழ்வாரத்தில் நடந்தாள். கடைசி அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் யாரோ முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். 'கொடுத்தேன், கொடுத்தேன்' என்று ஹார்மோன் சொல்லச் சொல்ல, அந்த உருவம் மெல்லத் திரும்பியது. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தது. முகம் அவளுடையது. இயந்திரம் நின்ற பிறகும் அவள் நெடுநேரம் மூடியைத் திறக்கவில்லை.

மாலையில் வார்டுக்குப் போனாள். குழந்தையின் கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து பெஞ்சில் அண்ணி, அருகில் இருந்த ஒரே காலி இடத்தில் தன் பையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, அந்த எவளோ ஒருத்தி நான்தான்."

அண்ணி சொட்டுகளைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒரு வருஷமா சொன்னேன். அப்ப உனக்குக் கேக்கல."

பை நகரவில்லை. அவள் அன்று நின்றபடியே இருந்துவிட்டுத் திரும்பினாள். மருந்து ஏற்றும் நாளெல்லாம் வேலை முடிந்ததும் வருவாள், கதவோரம் நிற்பாள், போவாள். அப்படி ஏழு மாதம் போனது.

ஒரு நாள் ஊசியைக் கழற்றியதும் குழந்தை கட்டில் கம்பியைப் பிடித்து இறங்கியது. கம்பியை விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று அடி வைத்து, கதவோரம் நின்றவளின் கோட்டைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. அவள் அழுதுவிட்டாள்.

அண்ணி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாள்தான் நிப்ப? வந்து உக்காரு."