பால் பொங்கி அணைந்த அடுப்பு

சுயம்புலிங்கத்துக்குச் சினிமா என்றால் உயிர். ஆனால் ஐம்பத்தெட்டு வயது வரை எந்தப் படத்தையும் அவர் தொடக்கத்திலிருந்து பார்த்ததில்லை. தி. நகரில் பாத்திரக் கடை. கடைசியாக வந்தவர் குக்கரைத் தட்டிப் பார்த்து முடிவு சொன்ன பிறகுதான் ஷட்டர் இறங்கும். மனைவி புஷ்பம் மேற்கு மாம்பலத்து வீட்டிலிருந்து நேரே தியேட்டருக்குப் போய்விடுவாள். இவர் இருட்டில் தடவித் தடவி வந்து உட்கார்ந்து, "இதுவரைக்கும் என்ன ஆச்சு?" என்பார். அவள் இரண்டு வரியில் சொல்வாள். அதுவே போதும் என்று நினைத்திருந்தார்.

போன மார்ச்சில் குழாய் பதிக்கக் கடைத்தெருவைத் தோண்டினார்கள். கடையை மதியமே அடைத்துவிட்டு, புஷ்பத்தோடு சேர்ந்தே மேட்னிக்குப் போனார்.

விளக்குகள் அணைந்தன. திரையில் இன்னும் விடியாத ஒரு சமையலறை. அடுப்பின் நீலச் சுடரில் பால் காய்கிறது. பக்கத்தில் இரண்டு டம்ளர்கள். ரேடியோவில் யாரோ செய்தி வாசிக்கிறார். ஆள் யாரையும் காணோம். பால் மெல்ல ஏறி, விளிம்பைத் தொட்டு, பொங்கியது. கிரகப்பிரவேச வீட்டில் நிற்பவரைப் போல சுயம்புலிங்கம் புன்னகைத்தார்.

வழிந்த பால் சுடரை அணைத்தது. கேமரா அசையவில்லை. 'உஸ்' என்ற சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. அது காஸ் என்று புரிந்தபோது அவர் புஷ்பத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, வீட்டுல ஆளே இல்லியா?"

"பேசாமப் பாருங்க."

திரையில் யாரோ கதவைத் தட்டினார்கள். யாரும் திறக்கவில்லை. பூட்டில் சாவி திரும்பியது. ஒரு கை உள்ளே நீண்டு, சுவரில் சுவிட்சைத் தேடியது. திரை கறுத்தது. படத்தின் பெயர் வந்தது.

இடைவேளையில் அவர் எழுந்திருக்கவில்லை.

"ஒரு வார்த்தை பேசல. ஒரு மொகத்தைக் காட்டல. பால் பொங்குனா நல்லதுன்னுதானே சிரிச்சேன்? அந்தச் சிரிப்பை வச்சே பயங்காட்டிட்டானே."

"எனக்கு அந்த ரெண்டு டம்ளர்தான்" என்றாள் புஷ்பம். "ஒருத்தர் வெளிய போயிருந்தாலும் இன்னொருத்தர் எங்க?"

அவர் அவளையே பார்த்தார். "இத்தனை வருசமா நீ இதையெல்லாமா பாத்துக்கிட்டிருந்த?"

"பின்ன?"

மறுநாள் தனியாகப் போய் அந்தக் காட்சியை மறுபடி பார்த்தார். பெயர் வந்ததும் வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தார். "புஷ்பம், அந்த ரேடியோ பக்கத்து வீட்டுது. ஜன்னல் வழியா வருது. அதைக் கேட்டுத்தான் உள்ள ஆள் இருக்குன்னு நாம நம்பிட்டோம்."

"ஆமா" என்றாள் மெதுவாக. "எனக்குக்கூடத் தோணலியே."

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மாலைகளில் கடையை மைத்துனர் பார்த்துக்கொள்கிறார். விளம்பரம் ஓடும்போதே சுயம்புலிங்கம் சீட்டில் இருப்பார். அரங்கம் இருண்டதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். ஏன் என்று புஷ்பம் ஒரு முறை கேட்டாள். "படம் ஆரம்பிக்கப் போவுதுல்ல?" என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.