அங்கம்மாள் போட்ட இலை

வெள்ளைக்காரர்கள் நம்மை ஆண்டார்கள் என்பது பாதிக் கதைதான். மட்டாஞ்சேரியில் கேட்டால், நூறு வருஷத்துக்குள் அவர்களை நாம் வேட்டி கட்ட வைத்துவிட்டோம் என்பார்கள். 1976-லும் அவர்கள் இங்கேதான் இருந்தார்கள், போகிற உத்தேசமே இல்லாமல். லண்டனில் போட்ட சட்டம் ஒன்று உண்டு: கொச்சியில் உத்தியோகம் பார்க்க வருகிற எந்தத் துரையும் ஊர்க்காரர் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுத் தேற வேண்டும். மூன்று தடவை தோற்றால் கப்பல். நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நாலு மணிக்குச் சாயாவும் ஏலக்காய் கேக்கும் வராமல் ஒரு சுமைக்காரரும் மூட்டையைத் தொட மாட்டார்.

இலைப் பரீட்சையை 1971 முதல் 1985 வரை மட்டாஞ்சேரியில் நடத்தியவள் அங்கம்மாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் போனபின் மிளகுக் கிடங்குகளுக்கு எதிரே மெஸ் நடத்தினாள்; அடுப்பைக் கவனித்துக்கொண்டது கணவரின் அண்ணன் அழகர். ரசத்துக்குப் பிறகு சாம்பார் கேட்ட ஜட்ஜ் துரை ஒருவரைத் தோற்கடித்து, ஆறு மாதம் தீர்ப்பு எழுத விடாமல் திண்டாட வைத்தாள். அவளிடம் தாட்சண்யம் எடுபடாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்துக்குச் சோதனையாக வந்தவர் கிரிஃபித்ஸ் துரை. ஐம்பதை நெருங்கியவர், துறைமுகத்தில் மண் அள்ளுகிற கப்பலின் பொறுப்பாளர். முதல் தடவை இடது கையால் அப்பளத்தை எடுத்தார். இரண்டாம் தடவை பந்தியில் மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிட்டார். இரண்டு முறையும் 'தேறவில்லை' என்று எழுதினாளே தவிர, அங்கம்மாளுக்கு வருத்தம்தான். மனைவியை இழந்து தனியாக வந்த மனிதர். தினமும் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, கூட்டு நன்றாக இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லிப் போகிற ஒரே துரை. அவரைக் கப்பலேற்றி அனுப்ப அவளுக்கு மனசே இல்லை.

ஆவணியில் அழகர் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் வரை அங்கம்மாள் உள்ளறையிலேயே அழுதுகொண்டு கிடந்தாள். யார் வந்தார், யார் சாப்பிட்டார், ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

ஐப்பசியில் மூன்றாம் பரீட்சை. முத்திரை குத்த ஆபீசிலிருந்து குமாஸ்தா வெங்கிடராமன் வந்திருந்தார். கிரிஃபித்ஸ் இலையில் நீர் தெளித்தார், உப்பை ஓரம் ஒதுக்கினார், பாயசத்தைச் சிந்தாமல் வழித்தார். பந்தியில் கடைசி ஆள் முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அங்கம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உடனே அவர் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தார், கை கழுவினார், ஒரு வார்த்தை பேசாமல் வாசலுக்கு நடந்தார்.

வெங்கிடராமன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நம்ம பக்கமா மடிச்சாத்தான் உறவு நிலைக்கும்னு அர்த்தம். இது சாவு வீட்டு மடிப்பாக்கும். போயிட்டு வரேன்னு ஒரு வாக்கும் சொல்லலை. என்ன செய்யறது, எழுதிடுங்கோ."

அங்கம்மாள் பேனாவைத் திறந்தாள். கை ஓடவில்லை. மடிப்பு மட்டும் தப்பாகியிருந்தால் கவனக்குறைவு. சொல்லாமல் போவதும் சேர்ந்து வந்தால் அது சாவு வீட்டில் மட்டும் பார்க்கக்கூடிய பழக்கம். எழுந்து வாசலுக்குப் போனாள்.

"தொரை, நில்லுங்க. இப்படி எலய மடிக்க எங்க படிச்சீங்க?"

"இங்கதான், அம்மா. அழகர் சேட்டனோட பதினாறாம் நாள். கடைசி வரிசையில இருந்தேன். எல்லாரும் செய்யறத பார்த்து அப்படியே மனசுல வச்சுக்கிட்டேன். தப்பாயோ?"

"அன்னைக்கி நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ரெண்டாம் தடவ தோத்தப்போ, பின்வாசல்ல அவர் எனக்கு ஒரு கிண்ணம் பாயசம் தந்தார். சாரமில்ல, போகட்டும், அடுத்த தடவ பாத்துக்கலாம்னார். வராம எப்படி?"

இதுவரை முப்பத்தேழு துரைகள் தேறியிருந்தார்கள். எல்லோரும் கல்யாண வீடு கல்யாண வீடாகப் போய்ப் பழகியவர்கள். துக்கத்துக்கு வந்து உட்கார்ந்தவர் இவர் ஒருவர்தான்.

"இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு இருக்கே," என்றார் வெங்கிடராமன்.

"பரீட்சை விருந்தாளிக்குத்தான், சாமி. துட்டிக்கு வந்தவரு வீட்டாளு. சட்டத்துக்கு இன்னொரு எல போட்டாப் போச்சு."

புது இலை விழுந்தது, நடுவில் ஒரு கரண்டி பாயசம். கிரிஃபித்ஸ் சாப்பிட்டு, அவள் கையால் காட்டியபடி இலையைத் தன் பக்கமாக மடித்தார். "போயிட்டு வரேன், அம்மா," என்றார். "நாலு மணிக்கே வாங்க, கேக் இருக்கு," என்றாள் அவள்.

தேர்ச்சிச் சீட்டில் 'வீட்டாருக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் உண்டு. முப்பத்தேழு சீட்டிலும் அங்கே ஒரு கோடுதான் போட்டிருந்தாள். இதில், 'எங்கள் அழகருக்கு வேண்டியவர்' என்று நிதானமாக எழுதினாள். வெங்கிடராமன் அதைப் படித்தார், முத்திரையைக் குத்தினார்.