கட்டத்தில் போடாத பெயர்

டோர்ட்மண்டில் எனக்கு மேல்மாடியில் இருந்தவர் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கணினி வாங்கினார். கூடவே, வம்சாவளி வரைவதற்கான மென்பொருள் சீடி ஒன்றும். மகளைப் பெண் பார்க்க வரவிருந்தார்கள். வம்சத்தை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால் பேச்சு சுலபமாக முடியும் என்று நம்பினார். கையேடு ஜெர்மன் மொழியில் இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்.

முன்னோரின் பெயர் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தில் ‘N.N.’ என்று போடவும், ஊகித்து நிரப்ப வேண்டாம் என்றது கையேடு. வாசித்துச் சொன்னேன்.

“தம்பி, பேரில்லாமல் கிடந்தா ஆக்கள் என்ன நினைப்பினம்?”

பூட்டனுக்கு மேலே தன் பக்கத்தில் ஒருவருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. தேநீர் ஆறுவதற்குள் மூன்று தலைமுறைக்குப் பெயர் வைத்துவிட்டார். ஆண்கள் எல்லோரும் முதலியார்கள். பெண்களுக்குப் பெயர் யோசிக்க அலுத்துப்போய்த் தன் அக்காமாரின் பெயர்களையே திருப்பிப் போட்டார். பிறந்த ஆண்டுகளையும் அவரே கொடுத்தார். ஒரு மகன் தகப்பனுக்கு முன்பே பிறந்துவிட்டதாக மென்பொருள் எச்சரித்தது.

“இவங்களுக்கு எல்லாத்திலயும் சந்தேகம்” என்றார்.

மனைவியின் அம்மப்பாவின் கட்டம் வந்தது. அதில் மட்டும் ‘N.N.’ போட்டார்.

“எனக்குத் தெரியுமெல்லே, பேரைச் சொல்லுறன்” என்றார் மனைவி.

“உனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

பிள்ளை, ஐயா என்ற வால் எதுவும் இல்லாத பெயர் அது. கேட்டவுடன் சாதி விளங்கிவிடும். பனையேறிக் கள் இறக்கியவர். தாய் தகப்பன் இல்லாத பேத்தியை வளர்த்து ஆளாக்கியவரும் அவர்தான்.

ஞாயிறு பின்னேரம் மாப்பிள்ளையின் பெற்றோர் வந்தார்கள். அயல் என்று நானும் உட்காரவைக்கப்பட்டேன். மாப்பிள்ளையின் தகப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த வம்சாவளியில் முதலியார்களை ஒவ்வொருவராக விரலால் தொட்டுக்கொண்டு போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“இதென்ன, இந்த ஒராளுக்கு மட்டும் பேர் இல்லை?”

“அது, அண்ணை, சண்டையில பதிவெல்லாம் எரிஞ்சுபோச்சு.”

உண்மையாகவே எல்லாம் எரிந்துபோய் வந்தவர்கள் அதே கட்டடத்தில் இருந்தார்கள். அவர்களின் நெருப்பை இவர் இரவல் வாங்கியிருந்தார்.

மனைவி தட்டத்தைக் கீழே வைத்தார்.

“ஒண்டும் எரியேல்லை” என்றார். பெயரைச் சொன்னார். “மரமேறினவர். என்னை வளர்த்தவர்.”

மாப்பிள்ளையின் தாய், வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை அப்படியே திருப்பி வைத்தார். தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“எங்களுக்கு இன்னொரு டெர்மின் கிடக்கு. வாறம்.”

ஞாயிறு பின்னேரத்தில் ஜெர்மனியில் எவருக்கும் டெர்மின் என்று குறித்துவைத்த சந்திப்பு கிடையாது. ஒருவருடைய முகத்தை ஒருவர் பாராமல் குளிரங்கிகளை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். வீட்டுக்காரர் காலுறையோடு பின்னால் ஓடினார்.

மகள் அறையிலிருந்து வந்தாள். இந்தக் கலியாணத்தைப் பற்றி அதுவரை அவளை யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. கணினியைப் போட்டு, அந்தக் கட்டத்துக்குப் போய் ‘N.N.’ஐ அழித்தாள்.

“அம்மா, பேரை ஆறுதலா, ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்கோ.”

தாய் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். படிக்கட்டிலிருந்து வீட்டுக்காரருடைய குரல் மேலே வந்துகொண்டிருந்தது.

“அவ பகிடிக்குச் சொன்னவ, அண்ணை! சத்தியமாப் பகிடி!”