மஞ்சள் தண்ணீர் குடித்த கல்

என் தங்கை தயானி பதுளையில் றிகாஸ் முதலாளியின் நகைக்கடையில் கல் பதிக்கிறாள். அவள் பதித்த கல் இதுவரை ஒன்றும் கழன்றதில்லை. அக்காள் என்பதற்காகச் சொல்லவில்லை. கடையில் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

போன தையில், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வரிசை வீடுகளில் இருக்கிற ரமேஸ் தன் பரிசத்துக்கு அவளிடம் ஓர் ஓப்பல் மோதிரம் வாங்கினான். பால் வெள்ளைக் கல். திருப்பினால் உள்ளே பச்சையும் சிவப்பும் ஓடும். இது தண்ணீர் குடிக்கிற கல், நனைக்காதே என்று சொல்லித்தான் கொடுத்தாள். அவன் அதைத் தாயிடம் சொல்லவில்லை. தாய் விஜயலெட்சுமி அக்கா, புது நகைக்கு வழக்கமாகச் செய்வதுபோல, மோதிரத்தை மஞ்சள் தண்ணீரில் போட்டு இரவு முழுக்கச் சாமிப் படத்தடியில் வைத்துவிட்டார். காலையில் கல் வெறும் கண்ணாடித் துண்டாகக் கிடந்தது.

தயானி கண்ணாடியைப் பதித்து ஏமாற்றிவிட்டாள் என்று லயம் முழுக்கப் பேச்சு. பரிசத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. தாயும் மகனும் கடைக்குப் போனபோது நானும் போனேன். காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் முதலாளி. கொடுத்தால் பழியை ஒத்துக்கொண்டதாகும் என்று தயானி மறுத்துவிட்டாள்.

"தண்ணி வத்தினா நெறம் தானா திரும்பி வரும். மஞ்சள் மட்டும் கொஞ்சம் உள்ளே நின்னுரும், அத என்னால எடுக்க முடியாது" என்றாள்.

"வராட்டி?" என்றார் விஜயலெட்சுமி அக்கா.

"வராட்டி இனிமே கல் பதிக்க இந்த மேசையில நான் உக்கார மாட்டேன்."

மோதிரத்தைக் கடையிலேயே விட்டுப் போகவா என்று ரமேஸ் கேட்டான்.

"வேணாம். அப்புறம் வேற கல்ல மாத்திட்டேன்னு சொல்லுவீங்க. பஞ்சுல சுத்தி நீங்களே வச்சிருங்க. அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க, வெடிச்சிரும்."

அந்த வாரம் மழை விடவில்லை. கல்லில் நிறம் திரும்பவில்லை, சுண்ணாம்புபோல வெளிறிப்போனது. ரமேஸ் பொறுமையிழந்து அதை அடுப்பண்டை கொண்டுபோனான். நான் தடுத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டேன். தண்ணீர் வெளியேறும்போது அப்படித்தான் வெளிறும், அப்படியே விடுங்கள் என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

பரிசத்துக்கு முதல் நாள் பஞ்சைப் பிரித்தோம். பச்சையும் சிவப்பும் திரும்பியிருந்தன. பால் வெள்ளை மட்டும் இளமஞ்சளாகியிருந்தது. விஜயலெட்சுமி அக்கா மோதிரத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் பெண் வீட்டார், இப்படி மஞ்சள் கல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

"பதுளையில, நம்ம தயானிகிட்ட" என்றார் அவர், லயத்துக்கே கேட்கும்படி. "அவ சொல்றத மட்டும் கேட்டுட்டு வந்து வீட்டுல சொல்லுங்க. எம்மகன் மாதிரி இருக்காதீங்க."