புற்றில் குடியிருந்தது

மகளின் காய்ச்சலுக்கு மருந்தும், வீட்டுக்கு முட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பொம்மசந்திராவில் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஒரு கீரி நின்று என்னையே பார்த்தது.

என் சிறுவயதில், மர்பி டவுன் வீட்டுக்குப் பின்னால் நல்லபாம்புப் புற்று ஒன்று இருந்தது. அக்கா காய்ச்சலில் கிடந்தபோது அம்மா வெள்ளிதோறும் அங்கே முட்டை வைத்துக் கும்பிடுவாள். மாலையில் முட்டை இருக்காது.

"நாகம்மா எடுத்துக்கினா. நம்ம பொண்ணைக் கைவுட மாட்டா" என்பாள் அம்மா.

ஒரு வெள்ளிக்கிழமை ஒளிந்திருந்து பார்த்தேன். புற்றுக்குள்ளிருந்து வந்து முட்டையைக் கவ்வியது ஒரு கீரி. அது போனதும் எட்டிப் பார்த்தேன். உள்ளே தலையில்லாத பாம்பின் எலும்பு வெளுத்துக் கிடந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"பாத்தியாடி, கேட்டுட்டா!" என்றாள் அம்மா.

பார்க்கிங்கில் கீரி இன்னும் நகரவில்லை. நான் குனிந்து, பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அதன் முன்னால் வைத்தேன்.