கர்ப்பிணிகள் பெஞ்சில் ஒரு மீசை

எண்பதுகளில் மலேசியாவில், அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம் ஒரு சின்னக் கிளினிக்கில் நான் தாதி. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு. ஒரு செவ்வாய், மீசைக்கார எஸ்டேட் வாட்ச்மேன் ஒருவர் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். தன் யானைக்காலை இரண்டு கையாலும் தூக்கி, விருந்தாளியை உட்கார வைப்பதுபோல் பெஞ்சில் வைத்தார்.

"ஐயா, இது பிள்ளைத்தாச்சிங்க வரிசை."

"தெரியும்லா மிஸ்ஸி. இந்தக் காலுக்கு இங்க நாளே இல்லைன்னு மூணு தடவ நீங்கதானே திருப்பி அனுப்புனீங்க? இவங்க காலு வீங்கியிருக்கான்னு அமுக்கிப் பாக்குறீங்கல்ல, இதையும் அமுக்குங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். நான் அமுக்கினேன். காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தேன். கையிலிருந்தது கர்ப்பிணி அட்டைதான். அதிலேயே அவர் பெயரை எழுதினேன்.

அடுத்த செவ்வாய் இன்னும் இரண்டு யானைக்கால்காரர்களோடு வந்து, அவர்களை அதட்டிக்கொண்டிருந்தார்: "தள்ளி உட்காருங்கப்பா, பிள்ளைத்தாச்சிங்களுக்கு இடம் வேணாமா?"